நடத்தை விதி பதினொன்று

உம்லாங்கா அலுவலகத்தில் சுற்றறிக்கை திங்கட்கிழமை வந்தது.
மேசைமேல் தனிப்பட்ட கொடிகள் கூடாது,
உள்ளங்கை அளவென்றாலும்.
யாரோ இரண்டு பேர் ஏதோ தூரத்துப் போருக்காக
ஆளுக்கொரு நாட்டைத் திரையில் ஒட்டிவைத்து
பேச்சை நிறுத்திக்கொண்டார்களாம்.
என்னிடம் இருந்தது காவடிக்கு வாங்கிய சேவற்கொடி,
ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டிய மஞ்சள் காகிதம்.
இது எந்த நாடும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன்.
மேலாளர் சிரித்தார், நல்ல மனிதர்,
இழுப்பறையைத் தானே திறந்துவிட்டார்.
ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது சேவல்.
அன்று நூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள்.
சாயங்காலம் வரை
நான்தான் கூவிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் கதை வேறு.
மால்வர்ன் மேட்டில் நாற்பத்தெட்டு வீடுகள்,
ஒரே வெள்ளை, ஒரே கைப்பிடிக் கம்பி.
குடியிருப்போர் குழுவின் செயலாளர்
தவராணி மூட்லி, அதாவது நான்.
யாரும் கை தூக்காத கூட்டத்தில்
தும்மலை மறைக்கக் கை தூக்கி
ஏகமனதாகத் தேர்வானவள்.

விதி பதினொன்று: பால்கனியில் கொடி கட்டலாகாது.
பன்னிரண்டு: துணி காயப்போடக் கயிறு கட்டலாகாது.
பதினேழு: கம்பியில் படரும் செடி ஆகாது.
ஆங்கிலத்தில் இவை மூன்று.
பஸ்ஸில் வரும்போது தமிழில் சொல்லிப் பார்த்தேன்,
ஒரே சொல்லைத்தான்
மூன்று முறை தடுத்திருக்கிறார்கள்.

ஒன்பதாம் எண்: காற்பந்துக் கழகக் கொடி. முந்நூறு ராண்ட்.
இருபத்தொன்று: கொங்கோவிலிருந்து வந்த இலுங்கா,
நீலத்தில் ஒரு நட்சத்திரம், கண்ணாடிக்கு உள்பக்கம்.
உள்ளே இருப்பது வெளியே தெரிந்தால் குற்றமா
என்று விதியில் இல்லை. எச்சரிக்கை மட்டும்.
முப்பத்து நான்கு: தனபாக்கியம், மஞ்சள் புடவை.
கொடியல்ல, ஈரம், என்று எனக்குப் பதில் எழுதினாள்.
அப்படியானால் விதி பன்னிரண்டு, என்று நான்.
எப்போதோ காய்ந்துவிட்டதே, இப்போது எந்த விதி, என்று அவள்.
குழுவில் அரைமணி நேரம் பேசினோம்.
காற்றில் ஆடினால் கொடி என்றார் பொருளாளர் ஸ்டீன்காம்ப்.
காற்றில்லாத நாளில்?
யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.
குறிப்பெடுப்பவள் நான்.

பிறகு ரக்பி உலகக் கோப்பை வந்தது.
இரண்டே நிமிடத்தில் தீர்மானம்:
ஆறு வாரம் விதி பதினொன்று உறங்கும்.
நாற்பத்தெட்டு பால்கனியிலும் ஒரே கொடி.
இலுங்காவும் கட்டினார், எல்லோருடையதையும்விடப் பெரியது.
இறக்கச் சொன்ன தேதியில்
விடிவதற்கு முன்னால் இறக்கியவரும் அவர்தான்.
நாலாக மடித்து, மடிப்பை உள்ளங்கையால் தேய்த்து.
என் சமையலறை ஜன்னலிலிருந்து தெரிந்தது.

நேற்று மூன்று உறைகளோடு கீழே போனேன்.
மின்சாரம் இல்லை, வாயிற்காவலர் போங்குமூசா
கைவிளக்கை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தார்.
பேச்சுவாக்கில் கேட்டார்: உன் இன்காபா எங்கே?
ஊர் எது என்று அவர்கள் கேட்கும் முறை அது,
தொப்புள்கொடியை எங்கே புதைத்தார்கள் என்று.
அவருடையது நொங்கோமாவில், மாட்டுப் பட்டிக்குப் பின்னால்.
என்னுடையது, என்றேன்,
சாட்ஸ்வர்த் அரசாங்க ஆஸ்பத்திரி வாளியில்.
வாளியிலிருந்து உலைக்கு, உலையிலிருந்து புகைபோக்கிக்கு.
அவர் சிரிக்கவில்லை. கொஞ்சநேரம் யோசித்தார்.
அப்படியென்றால் இங்கேதான் எங்காவது
பறந்துகொண்டிருக்கும், என்றார்.

நாலாவது கொடி.
விதிப் புத்தகத்தில் அதற்கு எண் கிடையாது.

இரண்டு உறைகளைப் பெட்டியில் போட்டேன்.
மூன்றாவதோடு படியேறினேன்,
சுவரைத் தடவித் தடவி.
முப்பத்து நான்கில் புடவை இன்னும் எடுக்கவில்லை.
மணி எட்டு.
நின்று பார்த்தேன்.
காற்று இல்லை.