தாண்டிய கட்டம்

சார்ஜென்ட் டோபின் சாக்கட்டியால்
பட்டறைத் தரையில் வட்டம் போட்டார்.
எண்ணெய்க் கறைமேல் பசிபிக் கடல்.
வட்டம், வட்டம், தள்ளி இன்னொன்று.
"இங்கிருந்து இங்கே. நடுவில் இருப்பதை
அப்படியே விட்டுவிடுவோம்."
பூட்ஸ் காலோடு ஒற்றைக் காலில் துள்ளிக் காட்டினார்.
பிலோமினா சிரித்துவிட்டாள்.
பாண்டி, என்றேன் நான்.
மர்பி டவுன் சந்தில் என் ரஞ்சிதம்
பொழுதுக்கும் ஆடுவது இதைத்தான்.

கடைசி வட்டத்தின் பெயர் சைப்பான்.
ஆடி பிறக்கும் முன்னே விழுந்ததாம்.
கரும்பு விளைகிற மண்.
அங்கிருந்து டோக்கியோ ஆயிரத்து ஐந்நூறு மைல்;
பெரிய விமானம் ஒரே மூச்சில் போய்க்
கொட்டிவிட்டுத் திரும்பிவிடும்.
"அதனால்தான் அது முக்கியம்."
ஸ்டோர் ரைட்டர் கஜபதி
அந்த ஒரு சொல்லை மட்டும்
இரண்டு தரம் தமிழில் சொன்னார்.

பாறை உச்சியிலிருந்து பெண்கள்
பிள்ளைகளை அணைத்தபடி குதித்ததை
இரண்டு பேரும் சொல்லவில்லை.
அது பின்னால் தெரிந்தது,
பக்கோடா கட்டிவந்த தாளில்,
எண்ணெய் ஊறிப் பாதி எழுத்து போயிருந்தது.

என் வேலை துணி.
கேடலினாவின் வால் சட்டத்துக்குத் துணி இழுத்துக் கட்டி
இரண்டு விரலுக்கு ஒரு முடிச்சு.
மேலே பூசும் மருந்துக்கு
அழுகின வாழைப்பழ வாடை.
அந்த வாடையோடுதான் தூங்குகிறேன்.

தனகோட்டி சிங்கப்பூரில் பிடிபட்டவர்.
ஒரே ஒரு கார்டு வந்தது. அச்சடித்த மூன்று வரி:
நலம், வேலை, கூலி.
கையெழுத்தில் மட்டும் அவர் இருந்தார்.
பிறகு ரெஜிமென்ட் ஆபீஸ் கடிதம்:
தெற்குத் தீவு ஒன்றுக்குக்
கொண்டுபோகப்பட்டிருக்கலாம்.
ஒன்று. பெயர் கிடையாது.

கேட்டேன்:
விட்டுவிட்ட வட்டத்தில் இருப்பவர்களுக்குச் சோறு?
கஜபதி என்னைப் பார்த்தார், பிறகு கேட்டார்.
டோபின் நீளமாக ஏதோ சொன்னார், உற்சாகமாக,
கையால் ஒரு கழுத்தை நெரிப்பதுபோல.
"கப்பல் வராதாம்," என்றார் கஜபதி.
மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

பெல்லந்தூர் ஏரியில் அது இறங்கிப் பார்த்திருக்கிறேன்.
வயிற்றால் தண்ணீரைக் கிழித்து
நாரையெல்லாம் கலைய,
வண்ணான் துறைவரை அலை வந்து
துவைகல்லை நனைக்கும்.
ஓடுதளம் வேண்டாம் அதற்கு.
யாருடைய கரும்புக் காட்டையும் பிடிக்க வேண்டாம்.
கொஞ்சம் தண்ணீர் போதும்.
எந்தத் தீவைச் சுற்றித்தான் தண்ணீர் இல்லை?
சொல்ல வாயெடுத்தேன், சங்கு ஊதிவிட்டது.
டோபின் தன் பசிபிக்கை
பூட்ஸால் தேய்த்துவிட்டுப் போனார்.
சைப்பான் மட்டும் சரியாக அழியவில்லை.

சாயங்காலம்
மூன்றாம் கட்டத்தில் கிடந்தது சில்லு,
உடைந்த ஓட்டுத் துண்டு.
ஒற்றைக் காலில் வந்த ரஞ்சிதம்
அதை ஒட்டித் தாண்டிப் போனாள்.
மிதிடி, என்றேன். நின்று எடுடி அதை.

"உனக்கு ஆடவே தெரியலம்மா," என்றாள்
மூச்சு வாங்க, காலை ஊன்றாமல்.
"போறப்ப தாண்டணும்.
திரும்பி வர்றப்பதான் குனிஞ்சு எடுக்கணும்."

உச்சிக் கட்டம் வரை போய்விட்டாள்.
திரும்புகிறாள்.
ஆடிக் காற்று பாவாடையைப் பிடித்து இழுக்கிறது.
ஒரு கால் நடுங்குகிறது.