வால்வு எண் நான்கு

பங்குனி பிறந்து ஐந்தாம் நாள்.
உப்பனாற்றில் வற்றம் காலை ஆறு நாற்பதுக்கு.
இரவு வேலை முடிந்து கம்பெனிச் சட்டையோடு
முதுநகர்ப் பாலத்துக்குக் கீழே இறங்கினேன்.
சட்டையில் அமில வாடை,
சேற்றில் அதைவிட மோசம்.
இரண்டுக்கும் நடுவே
முந்நூற்றுப் பன்னிரண்டு வளைமூக்கு உள்ளான்கள்.

முதல் தடவை எண்ணியபோது முந்நூற்று நாற்பது.
இடையில் ஒரு பருந்து குறுக்கே போனது.
எல்லாம் எழும்பி, ஒரே விரிப்பாய்த் திரும்பி,
வெள்ளை, பழுப்பு, வெள்ளை,
உட்கார்ந்தபோது கணக்கு இளைத்திருந்தது.
இளைத்ததையே எழுதினேன்.

ஐப்பசி மழையில் இவை வெறும் சாம்பல்,
சேறு நகர்ந்தால்தான் பறவை என்று தெரியும்.
இப்போது மார்பில் சூளைச் செங்கல் ஏறுகிறது.
சிலதுக்கு முழுதாய், சிலதுக்குத் திட்டுத் திட்டாய்,
சுண்ணாம்பு அடித்த சுவரில்
போன தேர்தலின் சின்னம் தெரிவது மாதிரி.

ஒன்றின் காலில் வளையம்.
மூச்சைப் பிடித்துத் தொலைநோக்கியை நிறுத்தினேன்.
ஓர் எழுத்து கிடைத்தது. அடுத்ததைச் சேறு மூடியிருந்தது.
அது காலைத் தூக்கிக் காதோரம் சொறிந்துகொண்டது.
வளையம் இல்லாத காலை.

தேசிங்கு நண்டு வலையோடு வந்தான்.
"எத்தினி?"
சொன்னேன்.
"கொழுத்துப்போச்சு பாரு" என்று உள்ளங்கையைக் குவித்தான்,
எடை தெரிந்த கை.
அவன் எந்த வருஷம் வரை கண்ணி வைத்தான் என்று
நான் கேட்பதில்லை.
எங்கள் ஆலைக் குழாய் எந்த வளைவில் ஆற்றைத் தொடுகிறது என்று
அவனும் கேட்பதில்லை.
கௌஸ் கடையில் இரண்டு டீ.
காசு ஒருநாள் அவன், ஒருநாள் நான்.

வந்ததை எழுதுவது சுலபம்:
ஆவணி பத்தொன்பது, காலை, ஒன்று.
அந்த ஒன்றுக்காக அன்று கைதட்டக்கூடச் செய்தேன்.
போவதை எந்தத் தேதியில் எழுதுவது?
கடைசியாகப் பார்க்கிற அன்று
அது கடைசி என்று யாரும் சொல்வதில்லை.
நான் பாட்டுக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு
மஞ்சள் வாலாட்டி ஒன்றின் பின்னால் போயிருப்பேன்.

வாடை ஓய்ந்து சோழகம் கிளம்பிய இரவு
எனக்கு வேலை.
இரண்டு இருபதுக்கு மெல்லிய விசில்.
காற்றுக்குழாய் கசிகிறதென்று டார்ச்சோடு ஏணி ஏறினேன்.
நான்காம் வால்வில் சோப்புநீர் தடவினேன்.
குமிழ் இல்லை.
விசில் நின்றது. கொஞ்சம் தள்ளிக் கேட்டது.
இன்னும் தள்ளி.
ஐந்தாம் வால்விலும் தடவினேன், ஆறிலும்.
புகைபோக்கி விளக்கு வானத்தைச் சிவப்பாக்கியிருந்தது.
அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை.
இறங்கிவந்து பதிவேட்டில் எழுதினேன்:
வால்வு எண் 4. சோதித்தேன். கசிவு இல்லை.
கீழே கையெழுத்து.

காலையில் சேறு அகலமாக இருந்தது.
வெள்ளம் ஏறாத மேட்டில்
அலகு குத்திய துளைகள்,
தையல் மிஷின் ஓடி நூல் மட்டும் இல்லாதது போல.
பவளக்காலி ஒன்பது. உள்ளூர்க் கொக்கு, எண்ணவில்லை.
தள்ளி, நீரோரம்,
சிவக்காத உள்ளான் நான்கு.
முதல் வருஷத்துக் குஞ்சுகள்.
கோடை முழுக்க இங்கேயே திரியும்,
சாம்பலோடு, சிப்காட் நாற்றத்தோடு, எங்களோடு.

அப்போதுதான் அந்த விசில் பிடிபட்டது.
ஏணியில் என் கை சோப்பு நுரையாக இருந்தபோது
தலைக்கு மேலே போயிருக்கின்றன,
ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே, வடக்கே.

நோட்டில் எழுதினேன்.
நேரம்: இரவு 2.20.
எண்ணிக்கை என்ற இடத்தில் பேனா நின்றது.
ஒரு கோடு போட்டேன்.

"எத்தினி?" என்றான் தேசிங்கு.
"நாலு."
அவன் ஆற்றைப் பார்த்தான், பிறகு என் சட்டையை.
"இன்னிக்குக் காசு என்னுது" என்றான்.
நேற்றும் அவன்தான் கொடுத்தான்.