உடைந்த முட்டைகளின் கணக்கு

அட்டைப்பெட்டியின் மேல் ஒரு வெள்ளை மலை.
பனியைக் கிழித்துக்கொண்டு பாயும் வண்டி,
சக்கரம் இல்லை, முன்னால் சறுக்குக்கட்டை.
ஓட்டுகிறவன் முகத்தில் கண்ணாடிக் கவசம்.
இடுப்பு வலி இருக்கிறவனாகத் தெரியவில்லை.

நான் பார்த்த பனியெல்லாம்
ஆயர் ஈத்தாம் சந்தையில்
மீன் பெட்டிக்குள் உடைத்துக் கொட்டுவதுதான்.
ஆனாலும் நானூற்று எண்பது வெள்ளியை
எண்ணி வைத்தேன்,
என் முதுகுக்காகப் பாதி, அந்தப் படத்துக்காகப் பாதி.

தண்ணீர்மலை அடிவாரத்தில் தொடங்கி
கொடிமலை உச்சிவரை என் பாதை.
ஐந்து கிலோமீட்டர் ஜீப் தடம்,
மூங்கில் வேர் தூக்கிவிட்ட சிமெண்டு.
ரயிலேறியவர்கள் பிஸ்கட் தின்று முடிப்பதற்குள்
மேலே போய்விடுகிறார்கள்.
முட்டைக்கு டிக்கெட் எடுத்தால் கட்டுப்படியாகாது.
பத்துத் தட்டு, தட்டுக்கு முப்பது,
ரப்பர் கயிற்றால் இறுக்கிக் கட்டி
முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறுவேன்.

பழைய அப்சர்பரில் எண்ணெய் கசிந்து இரண்டு வருடம்.
நடைக்கு ஏழு முட்டை உடையும்.
பத்து என்றால் மழை.

புதியதைச் செங் வீ மாட்டினான்.
சிவப்பு ஸ்பிரிங், பக்கத்தில் பொன்னிறக் குப்பி.
கடைத்தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தேன்.
வெண்ணெய்!
மறுநாள் மலைமேல் கயிற்றை அவிழ்த்தால்
பதினொன்று.

மஞ்சள் வழிந்து
நம்பர் பிளேட்டில் காய்ந்திருந்தது.

கத்தவேண்டிய சொற்களைப்
பாயா தெருபோங் வரை அடுக்கிக்கொண்டே போனேன்.
செங் வீ கேட்டது ஒன்றுதான்:
"அன்றைக்கு வண்டியில் நீ மட்டும்தான் உட்கார்ந்தாய்.
முட்டை எங்கே இருந்தது?"

என்னையும் ஏற்றினான், பின்னால்
முட்டையின் எடைக்கு ஓர் அரிசி மூட்டையும் ஏற்றினான்.
எவ்வளவு அமுங்குகிறது என்று
தையல்காரன்போல் நாடா பிடித்து அளந்தான்.
வளையத்தை இரண்டு சுற்று ஏற்றி
அடியிலிருந்த திருகாணியை மூன்று சொடுக்கு வைத்தான்.
"அமுங்கினதும் சட்டென்று எழுந்தால் அது உதை.
மெதுவாக எழவேண்டும்."
பிறகு டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு
"இதற்குக் காசு வேண்டாம்" என்றான்.

நான்கு.
அடுத்த வாரம் மூன்று. பிறகு இரண்டு.

இடப்பக்கம் திரும்பிப் படுக்க முடிகிறது இப்போது.
கேட்கிறவர்களிடம் வாங்கு என்கிறேன்.
சொன்ன பிறகு ஒரு சந்தேகம்:
சுகம் தந்தது குப்பியா, நாடாவா,
இறக்கிவிட்ட அந்தக் காற்றா?
இல்லை, நானூற்று எண்பது கொடுத்த பிறகுதான்
குழியைப் பார்த்து ஓட்டத் தொடங்கினேனா?
நான்காம் வளைவில் கடல் தெரியும்.
அங்கே பிரேக்கைத் தாமதமாகப் பிடிக்கும் என் கைக்கு
எந்தக் கடையிலும் அப்சர்பர் இல்லை.

உச்சியில், ஊழியர் உணவுக்கூடத்தில்
நளாயினி முட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள்.
கீறல் விட்டதைப் பாதி விலைக்கு அவளே எடுத்துக்கொள்வாள்.
தேங்காய்ப்பாலும் பாண்டான் இலையும் சேர்த்துக்
காயா கிண்டி, குப்பியில் அடைத்து
இரவு வேலைக்காரர்களிடம் விற்பாள்.
அது அவளுடைய சொந்தக் கணக்கு.
முதலாளிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

"இன்றைக்கு எத்தனை?"
"இரண்டு."
"இரண்டை வைத்துச் சட்டியைக்கூட நனைக்க முடியாது."
துணியை உதறி மேசையைத் துடைத்தாள்.
துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.
"வண்டி நல்லா ஓடுதா?"
"ஓடுது."
"அதான்."

இறங்குவதற்கு முன்
அப்சர்பர் பக்கம் குனிந்து
திருகாணியை ஒரு சொடுக்கு, ஒன்றே ஒன்று,
பின்னால் திருப்பினேன்.

செங் வீ கேட்டால்
எடைக்கு ஏற்ப என்பேன்.