பேர்

டேர், டீ, டாஸ்.
முல்லைத்தீவு மிசன் பள்ளியில்
பாதிரியார் பிரம்பால் தீத்திய மூன்று சொல்லு.
அவன், அவள், அது என்று
நானாக அர்த்தம் வைத்துக்கொண்டேன்.
பிழைதான்.
அந்தப் பிழையில்தான் இருபது வருசம் பிழைத்தேன்.

அவர்கள் மொழியில் மரம் அவன்.
வெட்டுகிற கோடரி அவள்.
வெட்டுமுன் மரத்தில் அறைகிற இலக்கமும் அவள்.
பெட்டை மட்டும் அது.
ஏனென்று கேட்டேன்.
பாதிரியாரிடம் பதிலில்லை, பிரம்பு இருந்தது.

ஒல்லாந்தன் விட்டுப்போன கோட்டைக்கு
செருமன்காரனை முந்தி
இங்கிலீசுக்காரன் கப்பல் வந்திருந்தால்
எங்கட கதையே வேறை என்பார்
தவறணையில் அரியகுட்டியர்.
அவங்களுக்கு மரத்துக்கும் பெட்டைக்கும் கோடரிக்கும்
ஒரே சொல்லுத்தானாம்.
துபாசிக்குச் சுகமாக இருந்திருக்கும்.
மரத்துக்கு எப்படியோ தெரியாது.

ஹெர் லிண்டெமான் வந்தது மாரி முடிந்த கையோடு.
மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வரை
மரத்துக்கு ஒரு தகரம், தகரத்துக்கு ஓர் ஆணி.
பாலை, முதிரை, வீரை, கருங்காலி.
இலக்கம் சொல்வது அவர், எழுதுவது நான்.
படுத்துக் கண்ணை மூடினாலும்
தகரம் மினுங்கும்.
சிவப்பு மை பூசினது சிலிப்பர்க் கட்டைக்கு,
ரயில் திருக்கோணமலைக்குப் போகவேணும்,
அங்கே கைசரின் கப்பல்கள் கரி தின்னும்.

ஆனியில் வண்டிகள் திரும்பி வந்தன,
பதினொரு உக்கல் மரத்தோடு.
உள்ளே கறையான், வெளியே சிவப்பு இலக்கம்.
கணக்கு ஓர் இலக்கமும் பிசகவில்லை.
நாலாயிரத்து நூற்றுப் பதினேழு,
கனகராயன் ஆற்றங்கரைப் பாலை அது,
நானே எழுதினது,
பட்டுப்போன வீரையொன்றில் தொங்கியதாம்.
பாலை அங்கேயே நின்றதாம்,
கிளை முறியப் பழத்தோடு.

எருமை தேடப் போன கண்ணாத்தையைக்
காவலாளி கந்தோருக்கு இழுத்து வந்தான்.
மடியில் வளைந்த ஆணிகள்.
பதினாறு வயதிருக்கும்.
காலில் சேறு காயவில்லை.

"அதைக் கேள்" என்றார் லிண்டெமான்,
"தகரத்தை மாற்றினது யார்?"
அதை.
இலக்கணப்படி சரி.

கேட்டேன்.
"நான்தான்" என்றாள்.
"பழுக்கிற மரத்தை ஆராவது வெட்டுவினமோ?
பட்ட மரம் எத்தினை கிடக்கு,
அதுகளிலை கொழுவிவிட்டன்.
இவருக்கு வேண்டியது இலக்கம்தானே."

லிண்டெமானின் பேனை காத்திருந்தது.
ஆறு மாதம் மறியல், கசையடி பன்னிரண்டு,
தீர்ப்புத் தாள் முன்னமே அச்சடித்துக் கிடந்தது,
பெயருக்கு மட்டும் இடம் விட்டு.

நான் சொன்னேன்:
"கரடி, ஐயா. பாலைப் பழத்துக்கு ஏறுவது.
நகத்தால் கிண்டி எறிந்திருக்கும்.
ஆணியை இவள் பொறுக்கியிருக்கிறாள்.
தகரத்தைக் கூலிகள் கண்ட இடத்தில் அறைந்திருப்பார்கள்."
அவர்கள் மொழியில் கரடிக்குச் சொல்லு பேர்.
டேர் பேர்.
அவன்.

பேர் என்றது காதில் விழ
அவள் நிமிர்ந்தாள்.
பேர் கேட்கிறேன் என்று நினைத்தாளாக்கும்.
"கண்ணாத்தை" என்றாள், சத்தமாய்.

லிண்டெமான் என்னைப் பார்த்தார்.
"என்ன சொல்கிறது?"

சட்டைக்குள் வேர்வை முதுகால் இறங்கியது.
"கரடிக்கு, ஐயா,
இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சொல்லு."

எழுதிக்கொண்டார்.
ஒவ்வோர் எழுத்தாய்க் கேட்டு எழுதிக்கொண்டார்.
போகும்போது தோளில் தட்டினார்,
இருபது வருசத்தில் முதல் தடவையாக
என் டேர் சரியான இடத்தில் வந்ததென்று.

மாங்குளம் கந்தோர்ச் சுவரில்
இன்றைக்கும் அந்த அறிவித்தல் இருக்கிறது.
அரச தகரத்துக்குச் சேதம் விளைவித்த
கண்ணாத்தை என்னும் விலங்கைச்
சுட்டுக் கொண்டுவருபவருக்கு ஐந்து மார்க்.

அவள் அதற்குக் கீழே எருமை கட்டுகிறாள்.
வாசிக்கத் தெரியாது.
நான் வாசித்துக் காட்டவுமில்லை.