கோவிலூர் விலக்கு

நாற்பது என்று எழுதிய பலகையின் நிழல்
ஓர் ஆள் அகலம்கூட இல்லை.
அதில்தான் நிற்கிறேன்,
கையில் வேகம் பார்க்கும் கருவி,
இடுப்பில் நேற்றிலிருந்து வலி.
இந்த இடத்துக்குப் பெயர் கோவிலூர் விலக்கு.
என் உடம்பின் இந்த நாளுக்கும்
எங்கள் வீட்டில் அதே சொல்தான்.
பணிப்பட்டியலில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

காலையிலிருந்து இருபத்தாறு பேர்.
இருபத்தாறாவது, புதுவயல் நாகூர்கனி,
டிவிஎஸ் ஐம்பதில் பன்னிரண்டு அட்டை முட்டை,
ஐம்பத்து மூன்று.
"அம்புட்டு வேகம் போகுமா இது?" என்றார்
வண்டியைப் புதிதாய்ப் பார்ப்பதுபோல் பார்த்து.
ஆயிரம் ரூபாய் என்றேன்.
முட்டைக் கணக்கில் அது எவ்வளவு என்று
உதடு அசையாமல் கூட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வந்தது
எங்கள் நிலையத்து பொலேரோ.
விளக்கு சுழலவில்லை. சத்தமில்லை.
கை பழக்கத்தில் உயர்ந்துவிட்டது.
தொண்ணூற்றொன்று.

முட்டை அட்டைகள் நடுங்கி நின்றன.
புழுதி இறங்கும்வரை பொறுத்துப்
படத்தைப் பெரிதாக்கினேன்:
ஸ்டியரிங்கில் சேவுகமூர்த்தி அண்ணன்,
பக்கத்தில் ஆய்வாளர்,
தலை பின்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து.
அவசரம் தூங்கிக்கொண்டிருந்தது.

சொல்ல வேண்டும், அந்த வண்டியில் நானும் பறந்திருக்கிறேன்.
மாசி மாதம், பள்ளத்தூர்ப் பெண்ணொருத்தி
அரளி விதை அரைத்துக் குடித்த இரவு.
ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் என்றார்கள்.
என் மடியில் அவள் தலை,
நூற்றுப்பத்தில் முள்.
அறந்தாங்கி பஸ் மண்ணில் இறங்கி ஒதுங்கியது.
கோட்டையூரில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம்
நாதஸ்வரத்தை நிறுத்திச்
சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது.
சைரன் அதட்டல் இல்லை என்று அன்று தெரிந்தது.
அது கெஞ்சல்:
கொஞ்சம் வழி கொடுங்கள், திருப்பித் தர முடியாது.
கொடுத்தார்கள்.
அவள் இப்போது அரிசி ஆலையில் வேலைக்குப் போகிறாள்.

கேட்காமல் எடுப்பதற்கு வேறு பெயர்.
நிலையத்தில் அதற்குப் பிரிவு எண்கூட உண்டு;
புதுச் சட்டத்தில் எண்ணை மாற்றிவிட்டார்கள்,
நான் இன்னும் பழையதை எழுதி அடிக்கிறேன்.

இந்த வளைவில் ஆடு ஓட்டி வருகிறவர்கள்
முதலில் காதைத்தான் தார்ச்சாலையில் வைப்பார்கள்,
பிறகுதான் காலை.
சத்தமில்லாத தொண்ணூற்றொன்றை
எந்தக் காது கண்டுபிடிக்கும்?

"எம்புட்டு காட்டுச்சு மேடம்?"
நாகூர்கனிதான். குரலில் குத்தல் இல்லை,
நேற்று மழை எத்தனை சென்டி என்று கேட்பது போல.
மறைத்திருக்கலாம்.
கருவியை அவர் பக்கம் திருப்பினேன்.
பார்த்தார். தலையாட்டினார்.
"போற சோலி பெருசா இருக்கும்" என்றார்.
அதுதான் தாங்கவில்லை,
எங்களுக்குச் சாக்கும் அவரே தேடித் தருவது.

கைபேசியில் சேவுகமூர்த்தி அண்ணன்,
ஐயா எழுந்துவிடக் கூடாதென்று தணிந்த குரலில்:
"நம்ம வண்டிதான். அழிச்சிரும்மா."
(ஓட்டிக்கொண்டே பேசினார். அதற்குத் தனி அபராதம்.)
கெட்டவர் இல்லை.
பெரிய வண்டி, வெறும் சாலை, கேட்க ஆளில்லை,
கால் தானா இறங்குது என்பார்.

கருவிக்கு ஒரே கேள்வி:
சேமிக்கவா, நீக்கவா.
சேமித்தேன்.
சீட்டு வண்டி உரிமையாளர் எண்ணுக்குப் போகும்,
அந்த எண் சிவகங்கையில்
எந்த மேசை இழுப்பறைக்குள் அதிருமோ.
வீரம் என்று நினைக்க வேண்டாம்.
தண்டனையாக எங்கே நிறுத்துவார்கள்?
இங்கேதான் ஏற்கெனவே நிற்கிறேன்.

நாலரைக்குத் திரும்பி வந்தார்கள்.
முப்பத்தெட்டு.
பின்னால் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்து அடித்துச்
சலித்துப் போயிருந்தது.
சேவுகமூர்த்தி அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
ஐயா விழித்திருந்தார்.