சில்லறை கேட்கும் குரல்

சனிக்கிழமை காலை, ஈசூனில் ஒரு பள்ளியின் ஏசி அறை.
இருபத்திரண்டு ஆசிரியர்கள்
பெயரட்டை மாட்டிக்கொண்டு
ஆளுக்கொரு கறிபஃப்புடன் உட்கார்ந்திருந்தோம்.

"பள்ளியில் வன்முறை என்றதும்
முதலில் காதில் விழும் ஒலியை எழுதுங்கள்" என்றார்
பயிற்சி நடத்திய ஷாஹிதா.
நாற்காலி விழும் சத்தம், என்று எழுதினார் க்வெக்.
கைபேசியில் படமெடுப்பவர்களின் சிரிப்பு,
என்றார் இந்த ஆண்டுதான் வேலைக்கு வந்த பெண்.
நான் மஞ்சள் தாளை எழுதாமலே மடித்துச்
சட்டைப்பையில் வைத்தேன்.
எனக்குக் கேட்டது என் குரல்.

பிறகு நடித்துக் காட்டும் நேரம்.
பதினாறு ஆண்டுக் கட்டொழுங்கு ஆசிரியரான என்னை
மாணவனாக்கினார்கள்.
"நாற்காலியை எறிந்துவிட்டாய். அங்கேயே நில்."
க்வெக் வந்தார், விரலை நீட்டியபடி,
நான் நடப்பது போலவே நடந்து.
அறை சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன்.
அதற்குள் என் முதுகு போய்
வெண்பலகையில் ஒட்டிக்கொண்டது.
ஐம்பத்தொரு வயது முதுகு.
யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"எறிவதற்கு முந்தைய நிமிடம்
உனக்கு என்ன வேண்டியிருந்தது?"
ஷாஹிதா என்னைத்தான் கேட்டார்.
ஹைக்கல், நித்திலன், போன தவணையில் மூக்குடைத்த ஜாவியர்.
எத்தனை பேரின் கதை என் கையெழுத்தில் இருக்கிறது:
நேரம், இடம், சாட்சி, எத்தனை அடி.
இந்தக் கேள்விக்கு அந்தப் படிவத்தில்
கட்டமே இல்லை.
"தெரியாது" என்றேன்.
"அவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்," என்றார்,
"அவசரப்படாதீர்கள்."

திங்கட்கிழமை. இடைவேளை. கேண்டீன்.
மீ சியாம் தட்டு தலைகுப்புற;
ஒருவன் காலர் மற்றவன் கையில்.
அடிவயிற்றிலிருந்து அந்தப் பழைய சத்தம்
தொண்டைவரை வந்துவிட்டது.
விழுங்கினேன்.
சொல்லித்தந்தபடி, எதிரே போகாமல், பக்கவாட்டில் நின்றேன்.
கைகள் தெரியும்படி.
"நித்திலன்" என்றேன்,
கடைக்காரம்மாவிடம் சில்லறை கேட்கும் குரலில்.

அவன் பிடியை விடவில்லை.
தலையை மட்டும் திருப்பினான்.
"சார்... உடம்பு சரியில்லையா?"

மற்றவனும் என்னைப் பார்த்தான்.
காலர்கள் இன்னும் கைகளில்.
கையேட்டின் நாற்பது பக்கத்திலும்
இதற்குப் பதில் போடவில்லை.

"கொஞ்சம்" என்றேன்.
"உட்கார ஒரு இடம் காட்டுங்கள், இரண்டு பேரும்."