துணைக்கால்

ஒக்டோபர் முதல் வாரம்
கண்டி அச்சகத்திலிருந்து
முச்சக்கர வண்டியில் நனைந்தபடி
வந்து இறங்கியது பதாகை.
மேலே சிங்களம், கீழே ஆங்கிலம்,
நடுவில் எங்களுடையது:
தேசிய வசிப்பு மாதம்.

ஒரு கால் இல்லை.

ஏணி உச்சியில் நின்று,
வாயில் கடித்த ஆணியோடு,
"சரிதானே மச்சான்?" என்றான் தம்மிக்க.
தமிழ் பேசுவான், வாசிக்க வராது.
"கொஞ்சம் பொறு" என்று நான் சொல்வதற்குள்
அடித்துவிட்டான்.

பேராதனையில் பரீட்சையும் அதே மாதம்தான்.
இரவு பத்து வரை திறந்திருக்கும் என்று
கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.
பை வெளியே, பித்தளை வில்லை கையிலே.
நாற்பத்தேழாம் வில்லை போன வருஷமே தொலைந்தது.
அந்தத் தட்டில் இப்போது என் குடை.

மேல்மாடி சன்னலோர மேசையில்
அக்குறணை ரிஸ்லா சால்வையை விரித்துவிட்டுத்
தொழப் போவாள்.
வரும்வரை அந்தக் கதிரையை யாரும் தொடுவதில்லை,
மழை மட்டும் கொஞ்சம் சாரலடிக்கும்.
கரவெட்டிச் சாருகேசன்
கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு
இரவல் தராத புத்தகம் ஒன்றைத்
தினமும் வந்து பார்த்துப் போகிறான்,
ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கிறமாதிரி.
கலந்துரையாடல் அறை ஆறு பேருக்கு.
குப்பி நடக்கும்போது பதினான்கு பேர்,
ஒரே சூத்திரத்துக்கு மூன்று மொழியில் சண்டை.
நான் போய் "அமைதி" பலகையைத் தட்டுவேன்.
அது நானே எழுதியது. பிழையில்லை.

போன வியாழன் ஹந்தானைப் பக்கக் குரங்கொன்று
சன்னல் வழியே புகுந்து
சோற்றுப் பார்சலை எடுத்துக்கொண்டு
புள்ளியியலை விட்டுவிட்டுப் போனது.

லிந்துலையிலிருந்து வருகிறவள் யோகப்பிரியா.
அங்கத்துவம் புதுப்பிக்கும் படிவத்தில்
"நிரந்தர வசிப்பிடம்" என்ற இடத்தில்
பேனாவை வைத்தபடியே நின்றாள்.
தோட்டம், மேற்பிரிவு, லயம், ஒன்பதாம் காம்பரா.
எழுதினால் நீளமாகத்தான் இருக்கும்,
கடிதம் மட்டும் போய்ச் சேராது.
அவளுக்கு நாங்கள் அனுப்பிய தவணை நினைவூட்டல் மூன்றும்
"விலாசம் போதாது" என்று திரும்பி வந்து
என் மேசை லாச்சியில் கிடக்கின்றன.
இந்த வேலைக்கு எனக்கு வந்த கடிதமும்
கலஹாவில் ஒரு தோட்ட ஆபீசில்
பதினேழு நாள் தூங்கி எழுந்ததுதான்.

"அண்ணே, லைப்ரரி விலாசத்தையே போட்டுரவா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.
விதியில் அப்படி இல்லை என்றேன்.
அவள் தலைநிமிர்ந்து பதாகையைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
கட்டங்களுக்குள் எழுத்துகளை இடித்து இடித்து
ஒன்பதாம் காம்பராவரைக்கும் எழுதிக் கொடுத்தாள்.
தண்டப்பணம் நூற்றிருபதை
சில்லறையாக எண்ணி வைத்தாள்.

மறுநாள் நூலகர் கண்டுவிட்டார்.
பிரதம அதிதி வர இரண்டு மணி நேரம்.
கறுப்பு டேப்பில் ஒரு கால் வெட்டி
நானே ஏறினேன்.
வ-வுக்கும் சி-க்கும் இடையில் இடமே இல்லை.
பஸ்ஸில் மூன்றாவது ஆள்போல
ஒடுங்கித்தான் உட்கார்ந்தது.
கைதட்டினார்கள், குத்துவிளக்கேற்றினார்கள்,
புத்தகக் கண்காட்சியில் விற்றது
பெரும்பாலும் பழைய வினாத்தாள்.

ஆனால் இந்த ஊர் ஈரத்தில் எந்த டேப் நிற்கும்?
காலையில் ஒட்டுகிறேன்.
மகாவலிப் பக்கமிருந்து பனி ஏறி
எட்டு மணிக்குள் விழுந்துவிடுகிறது.
பகலில் வாசிப்பு.
இரவில், மேசைகளில் தலை கவிழ்த்து
பத்துப் பதினைந்து பேர் தூங்குகிற நேரத்தில்,
அச்சகக்காரன் சொன்னதுதான்.

நேற்று மணியடிக்க ஐந்து நிமிஷம் இருக்க
யோகப்பிரியா கவுண்டருக்கு வந்தாள்,
விரல் நுனியில் ஒட்டிய கறுப்புத் துண்டோடு.
"அண்ணே, ஒங்க கால் கீழ கெடந்துச்சு."

தொலைந்த பொருள் பதிவேட்டை எடுத்து
திகதி போட்டு எழுதினேன்:
கால், கறுப்பு, ஒன்று.
லாச்சியைத் திறந்து
அந்த மூன்று கடிதங்களின் மேல் வைத்தேன்.

வெளியே குடைகள் விரிந்தன.
நாற்பத்தேழாம் தட்டில்
என்னுடையதைக் காணவில்லை.